அந்தோனியாருக்கு நேர்ந்த மீன்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
8 மே 2006

தம்பி அன்டனுக்கு அக்கா அக்னெஸ் எழுதுவது.

ஒரே நகரத்துக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று நினைப்பாய். என்ன செய்ய? எங்கள் வீட்டு ரெலிபோன் சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சோபாவில் உன் அத்தான் இருக்கிறார். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிறார். வேலையிலிருந்து எடுக்கலாமென்றால், ஆஸ்பத்திரி லோன்றியில் மெஷின் சத்தத்துக்கு மேலால் நான் கத்துவது முழு மாடிக்கும் கேட்கும். போதாக்குறைக்கு, போன கிழமை நான் எடுத்தபோது பாதிக் கதையில் போனை வைத்துவிட்டாய்.

அத்தானை உன் போட்டில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பாஸ் மீன் பிடிக்க வை என்று ஒரேயொரு உதவிதான் கேட்டேன். அதற்கு "ஏலாது அக்கா, ஏலாது" என்று ஒரே கத்தல். ஏன் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? இப்போது சொல்கிறேன்.

மார்ச்சில் அவருடைய நெஞ்சைத் திறந்து வைத்திருந்தபோது நான் வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். டொக்டர் ஒருத்தி வந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கியது "கொம்ப்ளிக்கே", சிக்கல் என்ற ஒரு சொல்தான். அந்த இடத்திலேயே அந்தோனியாருக்கு நேர்ந்தேன். இவர் பிழைத்தால், உம்முடைய திருநாளன்று இவர் தன் கையால் பிடித்த பாஸ் மீன் ஒன்றை இவரே கொண்டுவந்து உம்முடைய காலடியில் வைப்பார் என்று. ஊரில், பாசையூர்க் கரையில், எங்கள் ஆட்கள் வருசத்தின் முதல் மீனை அவருக்குத்தானே கொடுத்தார்கள். இந்த நாட்டில் இவர் ஆசைப்பட்டுப் போன ஒரே விஷயம் உன்னோடு அந்தப் பாஸ் மீனுக்குப் போனதுதான். அதனால் அதையே சொன்னேன். இவர் பிழைத்தார். அந்தோனியார் தன் பங்கைச் செய்துவிட்டார், இனி எங்கள் பங்கு.

திருநாள் ஜூன் பதின்மூன்று. அது தவறினால் என்ன நடக்கும் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. தந்தவர் திருப்பி எடுத்துவிடுவார் என்ற பயத்தில் எனக்கு நித்திரை இல்லை, அன்டன்.

இது அத்தானுக்குத் தெரியாது. தெரிந்தால் குதிப்பார். குதித்தால் தையல் என்ன ஆகும்? அதனால் பதிலை வீட்டுக்கு அனுப்பாமல் கீழ்வீட்டு யோகராணியின் பெயருக்கு அனுப்பு.

அக்னெஸ்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
13 மே 2006

அன்புள்ள அக்கா,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் தலையில் கை வைத்தேன்.

மெழுகுதிரி நேர்ந்திருக்கலாம். அத்தானுக்கு மொட்டை அடிப்பதாக நேர்ந்திருக்கலாம், அங்கே பெரிதாக வேலையும் இருந்திருக்காது. சும்மா "ஒரு மீன்" என்று சொல்லியிருந்தாலும் சமாளித்திருப்பேன். மீனின் பெயரையும் தேதியையும் சேர்த்து நேருகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அக்கா, பாஸ் மீனை (இங்கே அஷிகான் என்பார்கள்) இந்த வருசம் ஜூன் பதினாறு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பிடிக்கக் கூடாது. உன் திருநாள் செவ்வாய்க்கிழமை. மூன்றே மூன்று நாள்! அதற்கு முன்னால் தவறித் தூண்டிலில் கொழுவினாலும் அந்த இடத்திலேயே தண்ணீரில் விட வேண்டும். ஏனென்றால் இப்போதுதான் அது கரையோரத்தில் முட்டையிடுகிறது. பெண்மீன் முட்டையைப் போட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். ஆண்மீன்தான் நின்று காவல் காக்கும். அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் வந்து முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் துப்புரவாக்கிவிடும். பிடிபட்டால் என் போட் போய்விடும். இங்கே கொலிஜில் பராமரிப்பு வேலை செய்கிறவன் நான். மீன் காவல் அதிகாரிகள் எங்கள் கன்ரீனில் வந்துதான் கோப்பி குடிக்கிறார்கள்.

இன்னொன்று. நெஞ்சு வெட்டுப்பட்ட மனிசன். போட்டில் வைத்து ஏதும் நடந்தால் நீ என்னை உயிரோடு விடுவாயா? அதுதான் "ஏலாது" என்றேன். போனை வைத்தது பிழைதான், ஆனால் நீ மூச்சு விடாமல் கதைத்தாய்.

டோரே மீனுக்கு இப்போது சீசன் திறந்திருக்கிறது. வெள்ளைச் சதை, முள்ளும் குறைவு. அதைக் கொடு. அந்தோனியார் கோபிக்க மாட்டார்.

அன்டன்


கோட்-டெ-நெய்ஜ்
18 மே 2006

அன்டன்,

டோரேயா? பெண்பார்க்கத் தங்கச்சியைக் காட்டிவிட்டு அக்காவைக் கட்டிக்கொடுக்கிற வேலையை என்னைச் செய்யச் சொல்கிறாய், அதுவும் ஒரு புனிதருக்கு. பாஸ் என்று சொன்ன வாய் என்னுடையது. அந்தோனியார் பெயர் மறந்துபோகிற ஆளில்லை.

மூன்று நாள் வித்தியாசம் என்கிறாய். கன்ரீனில் பக்கத்தில் இருந்து கோப்பி குடிக்கிற அதிகாரியிடம், ஐயா, ஒரு நோயாளி, ஒரேயொரு மீன் என்று கேட்க உனக்கு வாய் இல்லையா? என்னோடு மட்டும் நல்லாய்க் கதைப்பாய்.

இங்கே வந்து பார். டொக்டர் நடக்கச் சொன்னார், இவர் படியால் இறங்க மாட்டேன் என்கிறார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். "இனி என்ன கிடக்கு, அக்னெஸ்" என்கிறார். வேலையில் ஒவ்வொரு இடைவேளைக்கும் போன் எடுக்கிறேன். எடுத்து, "இன்னும் சாகேல்லை" என்று சொல்லிவிட்டு வைக்கிறார். எடுக்காவிட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறேன். வந்து பார்த்தால் கக்கூசுக்குப் போயிருப்பார்! நான் செவ்வாய்க்கிழமைகளில் ஒருசந்தி பிடித்து ஒரு நேரம்தான் சாப்பிடுகிறேன். மற்ற நாளிலும் தொண்டைக்குள் சோறு இறங்குவதில்லை. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்து உனக்கு என்ன வருத்தம் என்று கேட்கிறாள்.

உனக்கு மனமில்லை என்றால் விடு. எங்கள் மாடியில் இருக்கிற கிருபானந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போகிறவர். "நான் கூட்டிக்கொண்டு போறன் அக்கா, சட்டம் கிட்டம் எல்லாம் நான் பாக்கிறன்" என்று சொல்லியிருக்கிறார். பிற மனிசனுக்கு இருக்கிற இரக்கம் கூடப்பிறந்தவனுக்கு இல்லை.

அக்னெஸ்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
22 மே 2006

அக்கா,

கிருபானந்தனா? கடவுளே! போன வருசம் பிடிக்கக் கூடாத மீனைப் பிள்ளையின் நப்பி பைக்குள் ஒளித்துவைத்துப் பிடிபட்ட ஆள் அவர். அவருடைய போட்டில் லைஃப் ஜக்கெற் என்ற பொருளே கிடையாது. அவரோடு அனுப்பினால் அந்தோனியாருக்கு மீன் போய்ச் சேராது, அத்தான்தான் போய்ச் சேருவார்.

வென்றுவிட்டாய். சனிக்கிழமை நானே காரில் வந்து ஏற்றுகிறேன். காற்று இல்லாவிட்டால் மட்டும். லைஃப் ஜக்கெற் கழற்றக் கூடாது, போட்டில் எழும்பி நிற்கக் கூடாது. டோரே மட்டும்தான். பாஸ் என்ற கதையே எடுக்க மாட்டேன். சாப்பாடு கட்டிக் கொடு, எனக்கும் சேர்த்து.

அன்டன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
28 மே 2006

அக்கா,

அத்தான் உயிரோடு வீட்டுக்கு வந்ததை நீயே பார்த்தாய். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசி.

காலை முழுக்க டோரே ஒன்றும் கடிக்கவில்லை. அத்தான் சோபாவில் இருப்பதுபோலத்தான் போட்டிலும் இருந்தார். தண்ணீரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கரைக்குத் திரும்பும் வழியில், துறைக்குக் கிட்ட நாணல் பக்கமாகப் போட்டை நிறுத்திக் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். நான் பிளாஸ்கை மூடித் திரும்புவதற்குள் மனிசன் தூண்டிலை எடுத்துக் கரைப்பக்கம் வீசிவிட்டார். விழுந்த உடனேயே ஒரு இழுவை!

பாஸ். அந்த அளவில் ஒன்றை நான் இந்த ஏரியில் பிடித்ததே இல்லை. அத்தான் எழும்பி நின்றுவிட்டார். "இருங்கோ அத்தான், ஐயோ இருங்கோ" என்று நான் கத்த, அவர் திரும்பிப் பார்க்காமலே, "பொத்தடா வாயை" என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் என்னை ஏசியது அதுதான் முதல் தரம். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீன் அவர் கைக்கு வந்தது. "விடுங்கோ அத்தான், சீசன் திறக்கேல்லை" என்றேன்.

"விசரா உனக்கு? கையில வந்த மீனைப் பாசையூரான் விட்டதாய் எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியே?"

அந்த நேரம் பார்த்து உன் முகம் என் கண்முன் வந்து நின்றது. "இது அக்கா அந்தோனியாருக்கு நேர்ந்த மீன்தான், ஆனா இண்டைக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிவிட்டது, அக்கா. கரைக்கு வந்த பிறகு எப்போது நேர்ந்தது, ஏன் என்று முழுவதையும் பிடுங்கிவிட்டார். ஏசுகிறதைப் பதில் கடிதத்தில் ஏசு.

போட்டில் அதைக் கேட்டதும் அவர் தூண்டிலைக் கீழே வைத்தார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அந்த இடத்தில் ஆழமில்லை, அடி தெரியும். சேற்றுக்கு நடுவில் தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம், கூட்டித் துடைத்ததுபோலத் துப்புரவான கல். அதுதான் கூடு. அதற்குள் முட்டை. மீனைத் தூக்கிக் கொஞ்ச நேரம்தான், அதற்குள் சின்னப் பேர்ச் மீன்கள் ஏழெட்டு வந்து மொய்த்துவிட்டன.

"இவன்ர வீடோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அதற்குத் தெம்பு வரும்வரை வைத்திருந்து, விட்டார். நான் சொல்லி விடவில்லை, அவராகத்தான் விட்டார். அது நேரே கூட்டுக்குப் போய்ப் பேர்ச்சுகளைக் கலைத்தது.

"உவன் எப்ப சாப்பிடுவான்?"

"காவல் முடியுமட்டும் அநேகமாச் சாப்பிடான், அத்தான்."

அதற்குப் பிறகு கன நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நீ கட்டித் தந்த ரோல்ஸ் முழுவதையும் அவரே சாப்பிட்டு முடித்தார். எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்டன்


கோட்-டெ-நெய்ஜ்
2 ஜூன் 2006

அன்டனுக்கு,

அன்புள்ள என்று எழுத என் பேனா மறுக்கிறது.

கையில் வந்த மீன்! அந்தோனியாரே கொண்டுவந்து அவர் கையில் வைத்த மீன்! ஐஸ்பெட்டிக்குள் வைத்திருந்தால் திருநாள் மட்டும் கல்லுப்போலக் கிடந்திருக்கும். அதை விட்டுவிட்டு வந்து, என்னவோ பெரிய வீரம்போலப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். சொல்லாதே, சொல்லாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அதையும் கொட்டிவிட்டாய். உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லையா?

அன்று வீட்டுக்குள் வந்தவர் சப்பாத்தைக் கழற்ற முதல் ஒரு கேள்வி கேட்டார். "என்னைக் கேட்டனியோ?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு கதை இல்லை. தேத்தண்ணி வைத்தால் குடிக்கிறார், மாத்திரை வைத்தால் விழுங்குகிறார், முகம் கொடுக்கிறார் இல்லை. நெஞ்சைத் திறந்து வைத்திருந்த மனிசனை எழுப்பிக் கேட்டுவிட்டா நேர்த்தி வைப்பார்கள்?

இப்போது புதுக் கூத்து. காலையில் எழும்பித் தொப்பி போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறார். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. பின்னேரம் வெயிலில் கறுத்து, காலில் சேறோடு வருகிறார். யோகராணி மெற்றோவுக்குள் கண்டாளாம். முன்பு சோபாவில் கிடக்கிறாரே என்று அழுதேன். இப்போது சோபா வெறுமையாகக் கிடக்கிறதே என்று அழுகிறேன். எங்கேயாவது தெருவில் விழுந்தால் அவருடைய பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஆட்கள்தானே சுற்றி நிற்பார்கள்.

திருநாளுக்கு ஒரு மெழுகுதிரியோடாவது வாங்கோ என்று கெஞ்சினேன். "நேர்ந்த ஆள் போகட்டும்" என்றார். நேர்த்தி தவறப் போகிறது, அன்டன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் எங்கே போகிறார் என்று தெரிந்தால் உடனே எழுது.

அக்னெஸ்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
8 ஜூன் 2006

அன்புள்ள அக்கா,

அவர் என்னிடம்தான் வருகிறார். மெற்றோவில் வந்து, 211 பஸ் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, துறை மட்டும் நடந்து வருகிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இரகசியம் காத்துக் காத்து எனக்கும் ஒரு ஒப்பரேசன் வரப்போகிறது.

வந்து என்ன செய்கிறார் என்று கேள். தூண்டிலைத் தொடுவதே இல்லை. என் போட்டைக் கூட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கட்டிவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். பேர்ச் கிட்ட வந்தால் துடுப்பால் தண்ணீரில் அடிக்கிறார். போன கிழமை கொலிஜ் பிள்ளைகள் கனூவில் அந்தப் பக்கம் வர, எழும்பி நின்று, "அங்கால போங்கோடா! பா இசி, பா இசி!" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் கத்தியிருக்கிறார். அவர்கள் என்னிடம் வந்து, மிஸ்டர் அன்டன், அந்தப் பெரியவர் யார் என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? முட்டைக்குக் காவல் நிற்கிற மீனுக்கு இவர் காவல் என்றா?

அக்கா, அந்த நாணல் பக்கம் நான் கண் வைத்திருந்த இடம். சீசன் திறந்ததும் முதல் வீச்சு அங்கேதான் என்று குளிர்காலம் முழுக்க நினைத்திருந்தேன். இப்போது அத்தான், "உந்தப் பக்கம் தூண்டிலோட வந்தியெண்டால் கையை முறிப்பன்" என்கிறார். போட் என்னுடையது, லைசென்ஸ் என்னுடையது, முறிகிற கையும் என்னுடையது.

ஆனால் படி ஏறுகிறார். பசிக்குது என்கிறார். நேற்று என் வீட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

அக்காவோடு ஏன் கோபம் என்று கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவள் என்னை அந்தோனியாரட்டக் கேட்டு வாங்கினாள். வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டாள். நான் செத்துப்போவன் செத்துப்போவன் எண்டு அவள் பயந்த பயத்தில, நானும் செத்த ஆள் மாதிரித்தானேடா இருந்தன்." இதை உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

இனி நீயே அவரோடு கதை. திருநாளன்று எனக்கு வேலை, கோவிலுக்கு வர முடியாது. போட் துறையில்தான் கட்டியிருக்கும்.

அன்டன்


கோட்-டெ-நெய்ஜ்
15 ஜூன் 2006

அன்புள்ள தம்பி,

செவ்வாய்க்கிழமை நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். அத்தானிடம் கேட்டால் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்.

அன்று காலையில் கடைசித் தரமாகக் கூப்பிட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் திருநாளுக்கென்று வைத்திருந்த பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு தனியாகக் கோவிலுக்குப் போனேன். காணிக்கை நேரத்தில் ஆட்கள் பழமும் பூவும் கொண்டு போனார்கள். நான் வெறுங்கையோடு நின்றேன். அந்தோனியாரை நிமிர்ந்து பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய்ப் பயம் வந்தது. இந்த நிமிசமே அவருக்கு ஏதோ நடக்கிறது என்று மனம் அடித்துச் சொன்னது. பூசை முடிய முதலே வெளியே ஓடி, ஆசீர்வாதமும் எடுக்காமல் மெற்றோவுக்குள் இறங்கிவிட்டேன். பஸ்ஸில் முழு வழியும் செபமாலை உருட்டினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

துறையில் ஒருவரும் இல்லை. நாணல் பக்கம் உன் போட், அதற்குள் அவர் குனிந்தபடி அசையாமல் இருக்கிறார். என் உயிர் போய்விட்டது, அன்டன். "இஞ்சாருங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் நாணலுக்குள் இருந்த வாத்து முழுக்கப் பறந்தது. அவர் தலையைத் தூக்கி, விரலை வாயில் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

அவர் கரைக்கு வந்தார். நான் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற்றை என் சீலைக்கு மேலால் மாட்டி, "ஏறு" என்றார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் தண்ணீரில் கால் வைத்ததில்லை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மீனைக் காட்டினார். குஞ்சுகள் இப்போது கறுத்த மிளகுத்தூள் மாதிரிக் கூட்டமாக நிற்கின்றன. அது சுற்றிச் சுற்றி வருகிறது. "பார், எவ்வளவு மெலிஞ்சு போனான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும்தான்" என்றார்.

அதோடு எனக்கு உடைந்துவிட்டது. "நேர்த்தி தவறிப்போச்சு. உங்களை எடுத்துப்போடுவார் எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு" என்று குழறினேன். அந்த ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரிக் கதிரையையும், கொம்ப்ளிக்கே என்ற சொல்லையும், ஒவ்வொரு இடைவேளையும் பயந்துகொண்டு போனைக் கையில் எடுக்கிறதையும், எல்லாவற்றையும் முதல் தரமாக அவரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் துடுப்பால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார். "எடுக்கிறதெண்டால் அவர் மார்ச்சிலேயே எடுத்திருப்பார். அவர் என்னை விட்டிட்டார், அக்னெஸ். நீதான் இன்னும் பிடிச்சபடி நிக்கிறாய். கொஞ்சம் விடு. நான் ஓடிப்போக மாட்டன்" என்றார்.

அவருடைய கையைப் பிடித்தேன். பிடிக்காதே என்றுதானே இப்போது சொன்னேன் என்று சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு!

அந்தோனியாரோடு நானே கதைத்துவிட்டேன். மீன் உயிரோடு இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து பாரும் என்று சொன்னேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. ஆனால் நேற்று முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

நாளைக்குச் சீசன் திறக்கிறது. நீ எங்கே வேண்டுமானாலும் பிடி. அந்த நாணல் பக்கம் உன் தூண்டில் விழுந்தால் கையை முறிக்க இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை அத்தானிடமே கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டவில்லை, வாசித்தாலும் வாசிக்கட்டும். இதோ கதவடியில் சப்பாத்துப் போடுகிறார். மாத்திரை எடுத்தீங்களோ என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அவர் அங்கே வந்து சேர்ந்தால், வந்துவிட்டார் என்று எனக்குப் போன் எடுக்காதே. நான் எடுத்துக் கேட்டாலும் சொல்லாதே.

சரி, இன்றைக்கு மட்டும் ஒருக்கா எடு.

அக்கா